கடைசி வரி

உறவு கூடுகிற இடத்தில் டாக்டருக்கு நிம்மதி கிடையாது என்பார்கள். கண்ணாடிக்கடையில் கண் பரிசோதனை செய்கிறவளுக்கும் அதே கதிதான். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை கோடை விடுமுறையில், ஏரிக்குப் பக்கத்தில் ஒரு வீட்டை வாடகைக்குப் பிடித்துக் குடும்பம் மொத்தமும் கூடும். இந்த முறை அவள் செருப்பைக் கழற்றுவதற்குள் சித்தப்பா தன் கண்ணாடியை அவள் கையில் திணித்து, அது ஏன் சறுக்கிக்கொண்டே இருக்கிறது என்று கேட்டார். மூக்குதான் காரணம் என்று பெரியவரிடம் சொல்லமுடியுமா? திருகாணியை முறுக்கிக் கொடுத்துவிட்டு உள்ளே போனாள்.

பதினொரு மணி வரை எல்லாம் நன்றாகத்தான் போனது. அப்போதுதான் அண்ணனின் பள்ளிக்கூடத்துச் சிநேகிதர் நெட்டை வந்தார். அண்ணனும் அவரும் பார்த்துப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது. கேட்டைத் திறந்துகொண்டு நின்று, அந்த நீளக் கையைத் தூக்கி ஆட்டினார். முற்றத்தின் இந்தப் பக்கம் நின்ற அண்ணன் அவரை நேராகப் பார்த்து, “யாருங்க, வழி கேக்கறீங்களா?” என்றான்.

வீடே விழுந்து விழுந்து சிரித்தது. அண்ணன் பிறவிக் கோமாளி, இதுவும் அவன் குறும்பு என்று எல்லோருக்கும் நினைப்பு. நெட்டை வாயைத் திறந்து ஒரு ‘டேய்’ சொன்ன பிறகுதான் அண்ணன் ஓடிப்போய்க் கட்டிக்கொண்டான். அவள் மட்டும் சிரிக்கவில்லை. குறும்பு செய்யும்போது அண்ணனின் மேலுதடு ஒரு பக்கமாகக் கோணும். அது கோணவில்லை.

அதற்குப் பிறகு அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. அண்ணன் இருபத்தாறு வருஷமாக டவுன் பஸ் ஓட்டுகிறவன். சாயங்காலம் நாலு மணிக்கு ஒன்பது பிள்ளைகளை வேனில் ஏற்றி ஏரியின் அக்கரைக்குக் கூட்டிப்போகப் போகிறவனும் அவன்தான். வீட்டிலேயே டிரைவர் இருக்க வேறு யார் ஓட்டுவார்கள்?

சமையலறைக்குப் போனாள், திரும்பினாள், முற்றத்தில் நின்ற வேனை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். ஒரு வேலையும் ஓடவில்லை. பார்க்கக்கூடாது என்று நினைத்தாலும் கண் அண்ணன் பின்னாலேயே போனது. அவன் ஜன்னலுக்கு முதுகைக் காட்டித்தான் உட்கார்ந்தான். யாராவது நாற்காலியைத் திருப்பிப் போட்டால் மறுபடி மாற்றிப் போட்டுக்கொண்டான். டம்ளரை வைக்குமுன் மேஜையின் விளிம்பைச் சுண்டுவிரலால் ஒருமுறை தொட்டுப் பார்த்தான். கண்புரை முற்றியவர்களுக்கு வெயிலும் வெளிச்சமும் ஆகாது என்று தினமும் நாலு பேரிடமாவது சொல்கிறவள் அவள்.

ஆனால் போன வருஷம்தானே பரிசோதித்தோம் என்று தன்னையே தேற்றிக்கொண்டாள். லைசென்ஸ் புதுப்பிக்கச் சான்றிதழ் வேண்டும் என்று கடைக்கு வந்தான். சுவரில் மாட்டிய எண் அட்டையை மேலிருந்து கடைசி வரி வரை, கண்ணைச் சுருக்காமல், ஒரு திணறல் இல்லாமல் படித்தான். ஐம்பத்துமூன்று வயதில் கழுகுக் கண் என்று பெருமையடித்துக்கொண்டு அவள்தான் கையெழுத்துப் போட்டாள்.

அந்தத் தேறுதலும் மதியச் சாப்பாட்டோடு போயிற்று. பிள்ளைகள் சுற்றி உட்கார்ந்து கதை கேட்க, அண்ணன் அவள் படித்த காலத்தை எடுத்துவிட்டான். அவள் பரீட்சைக்குப் பழக ஆள் கிடைக்காமல், தினமும் சாயங்காலம் அவனைத்தான் சுவரோரம் நிறுத்திவைப்பாளாம். அவளுடைய முதல் நோயாளியே அவன்தானாம். “ரெண்டு வருஷம் அதே அட்டை. தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன்,” என்று கண்ணை மூடிக்கொண்டு, வரி வரியாக ஒப்பித்தான். “கடைசி வரி. ஆறு, மூணு, எட்டு, ரெண்டு, அஞ்சு.”

பிள்ளைகள் கைதட்டினார்கள். அவள் பிசைந்த சோற்றை அப்படியே தட்டில் விட்டாள். அந்த அட்டையைத்தான் ராசியான அட்டை என்று பத்திரப்படுத்தி, வேலைக்குச் சேர்ந்த கடையிலும் கொண்டுபோய் மாட்டியிருந்தாள். ஊரில் இருக்கிற அத்தனை பேருக்கும் அது புது அட்டை. ஒரே ஒருவனுக்கு மட்டும் மனப்பாடம். அவனுக்குத்தான் கையெழுத்துப் போட்டாள்.

அண்ணன் கண்ணைத் திறந்தான். அவள் உட்கார்ந்திருந்த பக்கம் திரும்பினான். அவள் ஒன்றும் பேசாததை அவன் காது கேட்டிருக்க வேண்டும். அதற்குமேல் அவன் கதை சொல்லவில்லை.

சொன்னால் அவன் வேலை போகும், அவள் வேலையும் போனாலும் போகும். சொல்லாவிட்டால் ஒன்பது பிள்ளைகள். இதில் யோசிக்க என்ன இருக்கிறது? இருந்தும் நாலு மணி வரை யோசித்தாள், அவளும் மனுஷிதானே. அண்ணியைத் தனியாகக் கூப்பிட்டு, இன்றைக்கு நெட்டை ஓட்டட்டுமே, அவருக்கும் வேன் ஓட்டத் தெரியுமே என்று மெல்ல ஆரம்பித்தாள். உன் அண்ணன் கேட்டால் கோபித்துக்கொள்வார் என்று அண்ணி சிரித்துவிட்டுப் போய்விட்டாள்.

பிள்ளைகள் ஏறியாயிற்று. அண்ணன் ஸ்டியரிங்கைப் பிடித்து உட்கார்ந்துவிட்டான். அவள் விறுவிறுவென்று நடந்து, கேட்டை மறித்து நின்று, வலது கையைத் தூக்கினாள்.

“அண்ணா, எத்தனை விரல்?”

விளையாட்டு என்று பிள்ளைகள் குதூகலித்தார்கள். அண்ணன் கண்ணுக்கு மேல் கையை வைத்து வெயிலை மறைத்தான். கொஞ்ச நேரம் பார்த்தான்.

“மூணு,” என்றான்.

“பெரியப்பா, அத்தை விரலே காட்டல,” என்றாள் தம்பி மகள், ஜன்னலில் தலையை நீட்டி. “கை மூடித்தான் இருக்கு.”

பிள்ளைகள் சிரித்தார்கள். நெட்டையும் சிரிக்கப் போனவர், அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். அண்ணன் எஞ்சினை அணைத்தான். மெதுவாக இறங்கி, சாவியை நெட்டை பக்கம் நீட்டினான். நெட்டை நின்ற இடத்துக்கும் அந்தக் கைக்கும் ஒரு முழம் இடைவெளி இருந்தது. அவர்தான் எட்டி வாங்கிக்கொண்டார்.

வேன் போய்விட்டது. முகப்பு நிழலில் ஆளுக்கொரு மூலையில் நாற்காலி போட்டு இருவரும் உட்கார்ந்தார்கள். எத்தனை நாளாக என்று கேட்டாள்.

“ஒன்றரை வருஷம் இருக்கும். ரூட்டு மனப்பாடம். எந்த ஸ்டாப், எந்தப் பள்ளம், எல்லாம் தெரியும்.”

தினமும் அந்த பஸ்ஸில் ஏறி இறங்குகிறவர்களில் ஒரு முகம்கூட அவளுக்குத் தெரியாது. எல்லோர் மீதும் அவள் கையெழுத்து இருந்தது.

“இது ஆபரேஷன் பண்ணினா சரியாப் போற விஷயம். ஏன் சொல்லல?”

“சொன்னா சான்றிதழ் குடுத்தது யாருன்னு கேப்பாங்கல்ல?”

அதில் பாதி பாசம், பாதி பயம். எது எந்தப் பாதி என்று பிரிக்க அவளுக்கு மனசு வரவில்லை. ஆத்திரமாக வந்தது, அழுகையாகவும் வந்தது. திங்கட்கிழமை டிப்போவுக்குத் தானும் கூட வருவதாகவும், சான்றிதழ் தப்பு என்று தானே எழுதிக் கொடுக்கப்போவதாகவும் சொன்னாள். அவன் தலையாட்டினான்.

அவள் மறுபடி கையைத் தூக்கினாள். இந்த முறை விரல் காட்டினாள்.

“இப்ப?”

அண்ணன் கழுத்தை முன்னால் நீட்டினான். உதடு கோண ஆரம்பித்து, பாதியிலேயே நின்றுவிட்டது.

“தெரியலம்மா,” என்றான்.

இத்தனை வருஷத்தில் அவளுடைய முதல் நோயாளி சொன்ன முதல் உண்மையான பதில் அது. அவள் நாற்காலியை இழுத்துக்கொண்டு அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.