இடம் மாறிய மச்சம்

கல்யாணமாகி இருபத்தாறு வருஷத்தில் சலூன்காரரின் மனைவி தன்னுடைய ஒரு போட்டோவைக்கூட ஒப்புக்கொண்டதில்லை. எதைக் காட்டினாலும், "ஐயய்யே, இது நானா? யாரோ மாதிரி இருக்கு" என்று கவிழ்த்து வைத்துவிடுவார். ஒரே ஒரு படத்தையாவது பார்த்து அவர் வாயால் "நான்தான்" என்று சொல்ல வேண்டும். அந்த ஆசைக்காகத்தான் மனிதர் ஐம்பது வயதில் எண்ணெய் வண்ண ஓவியம் கற்கக் கிளம்பினார். வேறெந்தப் பேராசையும் கிடையாது, சத்தியமாக.

ஓவிய டீச்சர் கறார் பேர்வழி. வகுப்பறைச் சுவரில் ஒரு பழைய ஓவியம் தொங்கியது. முத்துமாலை போட்ட பெண்மணி. படத்தின் இடப்பக்கக் கன்னத்தில் மச்சம். அதன் அச்சுப்படம் ஒன்றைக் கையில் கொடுத்து, "முதல்ல இத நகல் எடுங்க. சரியா வந்தாதான் உங்க வீட்டுக்காரம்மாவ வரைய விடுவேன்" என்று சொல்லிவிட்டார்.

மூன்று வாரம் அவர் பட்ட பாடு இருக்கிறதே! மூக்கு உருளைக்கிழங்காக வந்தது. ஒரு கண் நெற்றிக்கு ஏறியது. டர்பன்டைனில் நனைத்த துணியால் துடைத்துத் துடைத்துக் கான்வாஸ் நைந்ததுதான் மிச்சம்.

ஒருநாள் அலுத்துப்போய், அச்சுப்படத்தைக் கடைக் கண்ணாடிக்கு எதிர்ச் சுவரில் ஒட்டிவிட்டு மைத்துனருக்குச் சவரம் செய்துகொண்டிருந்தார். நிமிர்ந்து கண்ணாடியைப் பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார். மைத்துனரின் தலைக்கு மேலே, கண்ணாடிக்குள் அந்தப் பெண்மணி. ஒரு கண் இன்னொன்றைவிடச் சற்றே இறங்கியிருப்பது, உதட்டோரம் லேசாக மடிந்திருப்பது, எல்லாம் பளிச்சென்று தெரிந்தன! தெரியாதா பின்னே? வாடிக்கையாளரின் முதுகுக்குப் பின்னால் நின்று, கண்ணாடியில் முகம் பார்த்தே பிழைத்தவர். கத்தியைக் கீழே வைத்துவிட்டுத் தூரிகையை எடுத்தார்.

"மாமா, பாதி மூஞ்சியோட நான் எப்படி வீட்டுக்குப் போவேன்?"

"இருடா மாப்ள, மூக்கு கிடைச்சிடுச்சு!"

அன்றிலிருந்து கண்ணாடிக்குப் பக்கத்திலேயே கான்வாஸ். நாற்காலியில் உட்கார்ந்தவர்களெல்லாம் கண்ணாடியில் தெரிந்த படத்தையும் கான்வாஸையும் பார்த்து, "அச்சு அசல்!" என்றார்கள்.

தேர்வு நாளில் மனைவியையும் கூட்டிப் போனார். அசலுக்குப் பக்கத்தில் வைத்துத் துணியை விலக்கியதும் வகுப்பே கொல்லென்று சிரித்தது. அசலில் பெண்மணி இடப்பக்கம் பார்க்கிறாள்; இவருடையதில் வலப்பக்கம். மச்சமும் கன்னம் மாறி உட்கார்ந்திருந்தது. போச்சு, எல்லாம் போச்சு.

டீச்சர் சிரிக்கவில்லை. பிழை பார்க்க வைத்திருக்கும் கைக்கண்ணாடியை எடுத்து, திரும்பி நின்று, நகலை அதில் பார்த்தார். பிறகு அசலை நேராகப் பார்த்தார்.

"கண்ணாடியில பாத்தா வரஞ்சீங்க?"

"ஆமாங்க. எனக்கு நேராப் பாத்தா முகம் தெரியலீங்க."

"மயிரிழைகூடப் பிசகல! போய் வீட்டுக்காரம்மாவ வரைங்க. எப்படித் தெரியுதோ அப்படியே பாத்து வரைங்க."

கடைக்கு விடுமுறையான நாட்களில் மனைவி சலூன் நாற்காலியில் உட்கார்ந்தார். இவர் பின்னால் நின்று கண்ணாடியில் பார்த்து வரைந்தார். "கழுத்து வலிக்குது", "மூக்கு அரிக்குது" என்று ஆயிரம் புகார். ஒரு அடுக்கு காய்ந்து அடுத்த அடுக்கு பூசி, இரண்டு மாதம் ஆனது.

கடைசியில் மனைவி எழுந்து வந்தார். படத்தைப் பார்த்தார், கண்ணாடியைப் பார்த்தார், மறுபடி படத்தைப் பார்த்தார்.

"அட, நான்தாங்க இது! தினமும் தலை சீவும்போது பாக்குற என் மூஞ்சி!"

சலூன்காரர் அழுதே விட்டார். சந்தோஷத்தில் தூரிகையாலேயே கண்ணைத் துடைத்து, மூக்கு நுனியெல்லாம் நீலம்.

அந்நேரம் பார்த்து உள்ளே வந்த மைத்துனர் படத்தை உற்றுப் பார்த்தார். "அக்கா, உன் வகிடு அந்தப் பக்கம்ல இருக்கும்? மாமா மாத்திப் போட்டுட்டாரே!"

"போடா, என் மூஞ்சி எனக்குத் தெரியாதா?" என்றார் அக்கா.