இடப்பக்கத்து டம்ளர்

கூடத்தில் கிடத்தியிருந்த மாமனாரின் விரல்களில் ஒட்டியிருந்த சிவப்புப் பெயின்டை மாமியார் ஈரத்துணியால் தேய்த்துக்கொண்டிருந்தபோது, மருமகள் மெல்ல நழுவி மாமனாரின் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

காலையில் அந்த மேஜையைத் துடைத்தவள் அவள்தான். யாரும் தொடக்கூடாத மேஜை. எறும்பு வருகிறதே என்று நல்ல எண்ணத்தில்தான் துடைத்தாள், பாவி. அதில் எப்போதும் இரண்டு எவர்சில்வர் டம்ளர்கள் இருக்கும். இடப்பக்கம் டீ, வலப்பக்கம் பிரஷ் கழுவும் தின்னர். மாமா பெயின்ட் அடிக்கும் ஈயப் பொம்மையிலிருந்து கண்ணை எடுக்கவே மாட்டார். வலக்கை தானாகத் தின்னருக்குப் போகும், இடக்கை தானாக டீக்குப் போகும். நாற்பது வருடமாகப் பெயின்ட் வாடையில் கிடந்த மூக்கு. அதற்கு மல்லிகையும் ஒன்றுதான், மண்ணெண்ணெயும் ஒன்றுதான்.

துடைத்துவிட்டு எந்த டம்ளரை எந்தப் பக்கம் வைத்தாள்? எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை.

பத்து நிமிடத்தில் இருமல் கேட்டது. மூன்று தடவை. அடுப்பில் பால் பொங்கிக்கொண்டிருந்தது. வழக்கமான இருமல்தானே என்று இருந்துவிட்டாள். "ஏற்கெனவே பலவீனமான நெஞ்சு. மூச்சு நின்னுபோச்சு" என்றார் டாக்டர். அந்த அறையே தின்னர் வாடைதான். டாக்டருக்கு என்ன தெரியும்?

டம்ளர்களைக் காணோம். பக்கத்து வீட்டு அக்கா சந்தடியில் கழுவிக் கவிழ்த்துவிட்டாளாம். "எதுலக்கா டீ மிச்சம் இருந்துச்சு?" என்று கேட்டதற்கு, "இருக்கிற இருப்புல அதையா பார்ப்பாங்க?" என்றாள்.

அலமாரியில் முந்நூறு ஈயச் சிப்பாய்கள். அந்தக் காலத்துப் பாணியில் முட்டைக்கண்ணும் பளீர் கோட்டும் பச்சை அடித்தட்டுமாக வரிசையில் நின்றார்கள். அவர்கள் பக்கம் திரும்பவே அவளுக்குப் பயமாக இருந்தது.

கதவு திறந்தது. எதிரி வந்தார். முப்பது வருடமாக ஞாயிறுதோறும் தன் பொம்மைப் படையைப் பெட்டியில் சுமந்து வந்து, பகடை உருட்டி, மாமாவோடு போர் நடத்திய சிநேகிதர். 'எதிரிக்கு ஒரு டீ போடும்மா' என்பார் மாமா. அதுவே பெயராகிவிட்டது.

"கடைசியா எந்தச் சிப்பாய்க்கும்மா பெயின்ட் அடிச்சிக்கிட்டிருந்தான்? அவன் சட்டைப்பையில வச்சு அனுப்பலாம்னு..."

அவள் ஒதுங்கி நின்றாள். மேஜையில், பெயின்ட் அடிக்க வாகாகப் பாட்டில் மூடிமேல் ஒட்டிய முரசுக்காரச் சிப்பாய், பாதிக் கோட்டு மட்டும் சிவந்து நின்றான். பக்கத்தில் பிரஷ். அதன் நுனியில் எறும்புகள் மொய்த்துக்கொண்டிருந்தன.

தின்னரில் நனைந்த பிரஷ்ஷை எறும்பு எட்டிக்கூடப் பார்க்காது. வலக்கை போன இடத்தில் டீ இருந்திருக்கிறது. அப்படியானால் இடக்கை எடுத்தது?

எதிரி பிரஷ்ஷை எடுத்து மோந்து பார்த்தார்.

"மேஜைய யாரும்மா துடைச்சது?"

"நான்தான்."

அவர் எறும்புகளை ஊதினார். "டீயில பிரஷ்ஷ முக்கறது அவனுக்கு இன்னைக்கு நேத்தா? நூறு தடவ பார்த்துச் சிரிச்சிருக்கேன்."

சொல்லும்போது அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. பிரஷ்ஷைத் தன் உள்பையில் செருகிக்கொண்டு, முரசுக்காரனை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

ஆறு வருடமாக மாமாவின் டீ டம்ளரைக் கழுவுகிறவள் அவள். ஒருநாளும் அதில் ஒரு சொட்டுப் பெயின்ட் இருந்ததில்லை.

"அந்த மனுஷன் காலையிலேருந்து பச்சைத்தண்ணிகூடக் குடிக்கல. எதிரிக்கு ஒரு டீ போடும்மா" என்று கூடத்திலிருந்து மாமியார் குரல் உடைந்து வந்தது.

போட்டாள். கொண்டுபோனாள். எதிரி கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். அவருக்கு இடப்பக்கம் ஒரு முக்காலி, வலப்பக்கம் ஒரு முக்காலி. டம்ளர் விரல்களைச் சுட்டது. அவள் எந்தப் பக்கமும் வைக்காமல் பிடித்துக்கொண்டே நின்றாள்.