சிக்னியை நான் மூழ்கடிக்கவில்லை

1
இந்தக் கதை எனக்குக் கப்பல் அடுப்படியில், வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தபோது கிடைத்தது. திமிங்கிலமும் பனியாறும் பார்க்க வருகிறவர்களை ஏற்றிக்கொண்டு அலாஸ்காக் கரையோரம் சுற்றும் சின்னக் கப்பல். நான் அதன் சமையல்காரன்.

முதல் வரியையே பலமுறை எழுதினேன். ‘அன்று கடல் கண்ணாடிபோல்…’ (வேண்டாம். எந்தக் கடலும் எனக்கு அப்படித் தெரிந்ததில்லை.) ‘சிக்னி இனி வரமாட்டாள் என்று…’ (இது ஏமாற்று. வந்துவிட்டாள். நிம்மதியாகப் படியுங்கள்.)

2
கேப்டன் ஹால்வரும் வழிகாட்டி சிக்னியும் வெகுகாலம் புருஷன் பெண்டாட்டியாக இருந்தவர்கள். போன குளிர்காலத்தில் விவாகரத்தானது. கப்பலை மட்டும் பிரிக்க முடியவில்லை. ஒரே கப்பலில் இருந்துகொண்டு, பேச்செல்லாம் வயர்லெஸ்ஸில்தான்.

அன்று காலை ஆறு பயணிகளோடு சிக்னி ரப்பர் படகில் பனியாற்றைப் பார்க்கப் போனாள். அதன் முகப்பிலிருந்து பெரிய பாளமொன்று உடைந்து கடலில் விழுந்தது. அலையிலிருந்து தப்பிவிட்டார்கள். ஆனால் அலை தள்ளிவந்த ஐஸ், படகைச் சுற்றி அடைத்துக்கொண்டது. நடுவே பாறை மறைத்ததால் வயர்லெஸ்ஸும் எட்டவில்லை.

“கப்பல ஐஸுக்குள்ள விட்டா என்ன?” என்றேன்.

“விட்டா அடி கிழிஞ்சு எல்லாரும் போவோம்,” என்றான் ஹால்வர். “வத்தம் வரட்டும், கடல் மட்டம் இறங்கும். தண்ணியோட ஐஸும் வெளிய வந்துடும். அது அவளுக்கும் தெரியும்.”

சொல்லிவிட்டு வயர்லெஸ்ஸில் மறுபடி மறுபடி அவள் பெயரைக் கூப்பிட்டான்.

3
(இந்தப் பகுதி நான் பார்க்காதது. சிக்னி சொன்னாள்.)

படகுக்குப் பக்கத்திலேயே ஒரு மிதக்கும் பாளத்தில் தாய் சீல் ஒன்று குட்டியோடு படுத்திருந்தது. ப்ரூவிட் என்ற வயதான பயணி, “நாம செத்துருவோமா?” என்று கத்தினார்.

“மெதுவாப் பேசுங்க ப்ரூவிட். குட்டி பால் குடிக்குது. மிரண்டா தாய் தண்ணிக்குள்ள குதிச்சிடும், குட்டி தனியா நிக்கும்.”

ஆறு பேரும் வாயைப் பொத்திக்கொண்டார்கள். பயந்தவர்களுக்குச் செய்ய ஒரு வேலை கிடைத்துவிட்டது.

(உனக்குக் கை நடுங்கலையா என்று கேட்டேன். “காலுதான். பூட்ஸுக்குள்ள யாருக்குத் தெரியப்போகுது?”)

வத்தத்தில் கடல் இறங்கியதும் ஐஸ் இளகியது. துடுப்பால் பாளங்களைத் தள்ளித் தள்ளி வெளியே வந்தார்கள்.

4
ஹால்வர்தான் படகின் கயிற்றை வாங்கிக் கட்டினான்.

“சூப்பு ஆறிடுச்சு,” என்றான் அவளிடம்.

“சூடு பண்ணச் சொல்லு.”

கடைசிப் பயணியும் மேலே ஏறியபின் அவன் மேல்தளத்தில் அப்படியே உட்கார்ந்து அழுதான். சிக்னி பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

இங்கே, ‘அன்றிரவே இருவரும் மீண்டும்…’ என்று எழுதி அவளிடம் படித்துக் காட்டினேன்.

“அடப்பாவி, சேத்தே வச்சுட்டியா? அவன் குறட்டைய ஒரு ராத்திரி கேட்டிருந்தா எழுதுவியா?”

“அப்புறம் ஏன் பக்கத்துல போய் உக்காந்த?”

“அழுதான்ல.”

ஹால்வரிடமும் கேட்டேன். “அவ சாகல. அது போதாதா? அதுக்காகக் கல்யாணம் வேற பண்ணிக்கணுமா?”

அழித்துவிட்டேன். உண்மையைச் சொன்னால் எனக்கும் பாரம் இறங்கியது. அந்தக் கல்யாணத்தை எப்படி நடத்திவைப்பது என்று எனக்குத் தெரியவே இல்லை.

5
படகு திரும்பிய அன்று மாலை இருவரும் கேப்டன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். காப்பி எடுத்துப் போனேன். உள்ளே சிரிப்புச் சத்தம். முதலில் அவள், பிறகு அவன். கதவைத் தட்டக் கை ஓங்கினேன். தட்டவில்லை.

எதற்குச் சிரித்தார்கள் என்பதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். நான் படியில் உட்கார்ந்து இரண்டு காப்பியையும் குடித்துவிட்டேன்.