ஒரு சுற்று முடியும்வரை ஹால்வோர் பேசக் கூடாது

1

இந்தக் கதை ஒரு திறந்த வாயிலிருந்து வந்தது. அமெரிக்காவில், மின்னசோட்டாவில் இருக்கிற எங்கள் ஊர்க் கல்லூரியின் உடற்பயிற்சிக் கூடத்தில், கழிப்பறைக்குப் போகிற வழியில், 1926ஆம் வருடத்து அணியின் புகைப்படம் மாட்டியிருக்கிறது. எல்லாரும் எழவு வீட்டுக்கு வந்த மாதிரி நிற்கிறார்கள். ஓரத்தில் ஒருவன் மட்டும் வாயைத் திறந்துகொண்டு, முகம் அசைந்து மங்கலாகத் தெரிகிறான். படம் எடுக்கும்போதுகூடப் பேசியிருக்கிறான் பாவி.

கீழே பெயர் கிடையாது. ஹால்வோர் என்று நான்தான் வைத்தேன். கல்லூரிக்கும் நார்டால் என்று வேறு பெயர் கொடுத்துவிட்டேன். மற்றதெல்லாம் என் கைச்சரக்கு. பிறகு வந்து சண்டைக்கு நிற்காதீர்கள்.

2

முதலில் எழுதிய தொடக்கம்: "அக்டோபர் மாதத்து மின்னசோட்டாவில் மேப்பிள் மரங்கள் தீப்பிடித்தாற்போல்" — வேண்டாம். மரம் பார்க்கவா வந்தோம்?

இரண்டாவது: "நார்டால் கல்லூரிக் கால்பந்து அணி அந்தப் பருவத்தில் ஒரு போட்டியிலும்" — ஜெயிக்கவில்லை. அவ்வளவுதான். இதற்கு எதற்கு இத்தனை இழுவை?

(கால்பந்து என்றதும் உங்கள் மனசு வேறெங்கோ போயிருக்கும். இது அமெரிக்கக் கால்பந்து. முட்டை வடிவப் பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு எதிராளியின் எல்லைக்கோடுவரை ஓடுவார்கள், அல்லது தங்கள் ஆளுக்கு எறிவார்கள். எதிராளிகள் மேலே விழுந்து அமுக்குவார்கள். எப்போதாவது உதைப்பதும் உண்டு, எல்லையிலுள்ள இரண்டு கம்பங்களுக்கு நடுவே போனால் மூன்று புள்ளி. அப்புறம் ஏன் இந்தப் பெயர் என்று என்னைக் கேட்காதீர்கள்.)

மூன்றாவது தொடக்கம் கொஞ்சம் தேறியது. அதில் ஹால்வோரின் அப்பா தூர்கெல் மாட்டுக்கொட்டகையில் உட்கார்ந்து பால் கறந்தபடியே மகனிடம் சொல்கிறார்:

"பந்தாடறேன்னுதானே அங்க போன? ஆடு, வேணாங்கல. பந்து இல்லன்னா இங்க மாடு இருக்கு. வந்துடு."

அந்த வாரம்தான் கல்லூரித் தலைவர் போதகர் ஓஸ்ட்பி காலை ஜெபம் முடிந்த கையோடு அறிவித்திருந்தார்: கடைசிப் போட்டியிலும் தோற்றால் அணி கிடையாது. மைதானத்தை உழுது உருளைக்கிழங்கு போட்டால் சமையலறைக்காவது ஆகும். பையன்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

ஹால்வோரும் சிரிக்கவில்லை. பந்துக்காகத்தான் வந்தான், உண்மை. ஆனால் வந்த இடத்தில் கிரேக்க வகுப்பில் பைத்தியமாகிவிட்டான். வீட்டில் நார்வேஜிய மொழி, வெளியில் ஆங்கிலம், இப்போது பேசித் தீர்க்க மூன்றாவதாக ஒன்று! இதை அப்பாவிடம் எப்படிச் சொல்வது? கிரேக்கம் படித்தால் மாடு அதிகம் கறக்குமா என்று கேட்பார். ஆக, அணி பிழைத்தால் படிப்பு பிழைக்கும்.

3

இங்கே எனக்கு ஒரு சிக்கல். அணி பிழைக்க வேண்டும் என்று தவிப்பவன் ஆட்டக்காரனே இல்லை. பருவம் முழுக்கப் பெஞ்சில் உட்கார்ந்து வாயடித்தவன். அவனை ஏன் கதாநாயகனாக்கினாய், அணித்தலைவன் சிக்வால்ட் இல்லையா என்று நீங்கள் கேட்கலாம். சிக்வால்டை முதல் வரைவில் வில்லனாகவே வைத்திருந்தேன். கிடைத்த பந்தையெல்லாம் தானே உதைப்பான், ஒன்றுகூடக் கம்பங்களுக்கு நடுவே போகாது. யாரையும் நம்பமாட்டான். இப்போது யோசித்தால், தோற்கிற அணிக்குத் தலைவனாக இருப்பவன் வேறு எப்படி இருப்பான்? வில்லன் பட்டத்தைப் பிடுங்கிக்கொண்டேன்.

கடைசிப் போட்டி, கடைசி நிமிடம். நார்டால் இரண்டு புள்ளி பின்னால். உதைத்துக் கம்பங்களுக்கு நடுவே போட்டால் ஜெயிக்கலாம், தூரமும் அதிகமில்லை. ஆனால் காற்று நேர் எதிரே. பயிற்சியாளர் பிரெக்கே ஹால்வோரை இழுத்து, உள்ளே போ, அந்த முட்டாள் சிக்வால்டை எறியச் சொல், உதைக்க வேண்டாம் என்று காதில் ஓதினார்.

அந்தக் காலத்து விதி ஒன்று உண்டு: மாற்று ஆளாக உள்ளே வருகிறவன் ஒரு சுற்று ஆடி முடியும்வரை தன் அணியிடம் வாய் திறக்கக் கூடாது. வெளியிலிருந்து பயிற்சியாளர் சேதி அனுப்பக் கூடாது என்பதற்காகவே வைத்த விதி. ஒரு சுற்று பொறுத்துச் சொல், அப்போது எவனும் கேள்வி கேட்கமாட்டான் என்று பிரெக்கே கண்ணடித்தார்.

(ஊரிலேயே அடங்காத வாயை இந்த விதிக்குள் தள்ளியதில் எனக்குக் கொஞ்சம் கொடூரமான சந்தோஷம்.)

உள்ளே போன பிறகுதான் ஹால்வோருக்குத் தெரிந்தது. முன்னேற ஒரு அணிக்கு நான்கு வாய்ப்பு, ஒவ்வொன்றும் ஒரு சுற்று; நான்கும் வீணானால் பந்து எதிராளிக்கு. பிரெக்கே இது மூன்றாவது என்று நினைத்திருந்தார். இது நான்காவது. அடுத்த சுற்று என்று ஒன்று இல்லவே இல்லை.

சிக்வால்ட் உதைக்கப் போவதாகச் சொல்லிவிட்டான்.

4

இந்த இடத்தில் அவன் மௌனமாக நின்று தோற்றதாக ஒரு முடிவு எழுதினேன். விதியை மதித்த வீரன் என்று ஒரு பத்தி. படித்துப் பார்த்தேன், கொட்டாவி வந்தது. ஹால்வோராவது, சும்மா இருப்பதாவது!

அவன் செய்தது, நார்வேக்காரர்கள் குடியேறிய அந்தப் பக்கத்துப் பிள்ளைகள் எவரும் செய்யக்கூடியதுதான். நடுவரைப் பார்த்தான். மெக்காரிட்டி. சிவப்புத் தலை, அசல் ஐரிஷ்காரர். உடனே குனிந்து ஷூ நாடாவைக் கட்டுகிற மாதிரி, நார்வேஜிய மொழியில், சிக்வால்டுக்குக் கேட்கும்படி முணுமுணுத்தான்.

"உதைக்காதடா. எறி."

விசில் அடித்தது. மெக்காரிட்டி பக்கத்தில் வந்து, அட்சர சுத்தமான நார்வேஜிய மொழியில் சொன்னார்:

"தம்பி, எங்கம்மா நார்வேல டெலிமார்க்காரங்க. பதினஞ்சு கஜம் பின்னால போங்க."

(இது ரொம்ப வசதியாக இருக்கிறதே என்று எனக்கும் உறுத்தியது. ஆனால் இந்தப் பக்கத்தில் நார்வேஜிய அம்மாவோ மாமியாரோ இல்லாத ஐரிஷ்காரரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். ஹால்வோருக்கு அது தெரிந்திருக்க வேண்டும். அவசரத்தில் மறந்துவிட்டான்.)

5

பதினைந்து கஜம் பின்னால் போய் நின்றார்கள். பத்துப் பேரும் ஹால்வோரை முறைத்தார்கள். அவன் மன்னிப்புக்கூடக் கேட்க முடியாது. சுற்று இன்னும் முடியவில்லையே. மாட்டுக்கொட்டகையின் வாசனையே வந்துவிட்டது மூக்கில்.

சிக்வால்ட் கம்பங்களைப் பார்த்தான். இவ்வளவு தூரத்திலிருந்து எவனாலும் உதைக்க முடியாது. மறுபடி பார்த்தான். பிறகு ஹால்வோர் பக்கம் திரும்பினான்.

"இனி நானே நெனச்சாலும் உதைக்க முடியாதபடி பண்ணிட்ட."

ஹால்வோர் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றான்.

"மூணு மாசமா பெஞ்சுல உக்காந்து, அப்படி எறி, இப்படி எறின்னு என் உயிர வாங்கினியே. நீ ஓடுவியா?"

ஹால்வோர் தலையாட்டினான். (தலையாட்டினால் அது பேச்சில் சேருமா? தெரியவில்லை. மெக்காரிட்டி வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.)

"அப்ப ஓடு. பந்து உனக்குத்தான்."

இந்த வரியை எழுதிவிட்டு எழுந்துபோய் ஒரு காபி குடித்துவிட்டு வந்தேன். சந்தோஷமாக இருந்தது. பருவம் முழுக்க யாரையும் நம்பாதவன் வாயிலிருந்து வந்ததல்லவா? இதை நான் திட்டமிடவில்லை. வில்லன் பட்டத்தை முன்பே பிடுங்கியது நல்லதாகப் போயிற்று.

6

ஹால்வோர் ஓடுகிறான். ஒருவனை ஏமாற்றி விலகிவிட்டான். இன்னொருவன் வழுக்கி விழுந்தான். எதிரே யாரும் இல்லை. பந்து சிக்வால்டின் கையை விட்டுக் கிளம்பிவிட்டது.

பிடித்ததாக ஒரு பக்கம் எழுதினேன், நழுவவிட்டதாக ஒரு பக்கம் எழுதினேன். இரண்டையும் கிழித்துப் போட்டேன். எழுதுகிறவன் கையில் பந்து இருந்தால், ஜெயிக்கவைத்தாலும் தோற்கவைத்தாலும் அது என் சாமர்த்தியம் ஆகிவிடும். அவனுக்கு அது வேண்டாம்.

ஆகவே இந்தச் சுற்றை நீங்கள் முடித்து வையுங்கள். எப்படி என்பது உங்கள் இஷ்டம். ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன், ரொம்ப நேரம் எடுத்துக்கொள்ளாதீர்கள். நீங்கள் முடிக்கிறவரை அந்தப் பையன் வாய் திறக்க முடியாது. சிக்வால்டிடம் சொல்ல அவனிடம் எவ்வளவோ இருக்கிறது.