ஆமைக்குஞ்சின் சில்லா

ஆமை புகுந்த வீடு உருப்படாது என்று முதலில் சொன்னவர் யாராக இருந்தாலும், அவர் சிர்ச்சிக் நகரில் சனோபரின் வீட்டைப் பார்த்திருக்க மாட்டார். மூன்றாம் மாடியிலிருந்த அந்த வீட்டுக்குள் ஆமைக்குஞ்சு வந்தபோது அதற்குப் பேரப்பிள்ளைக்குரிய வரவேற்பு கிடைத்தது. வினையே அந்த வரவேற்பில்தான் தொடங்கியது.

கொண்டுவந்தவர் மருமகள் முவத்தரின் அப்பா கமோல். பார்கெந்த்தில் திராட்சைத் தோட்டம் வைத்திருப்பவர். குளிருக்காகக் கொடிகளின் மேல் மூடியிருந்த மண்ணை வெட்டி விலக்கும்போது, மண்வெட்டியின் ஓரத்தில் அக்ரூட் கொட்டை அளவில் ஏதோ அசைந்திருக்கிறது. அவர் வீட்டு முற்றத்தில் காலம் காலமாகத் திரிகிற கிழட்டு ஆமையின் குஞ்சு. அங்கேயே விட்டால் மைனாக்களும் பூனைகளும் பங்கு போட்டுக்கொள்ளும். தலையிலிருந்த தொப்பியைக் கழற்றி, குஞ்சை அதில் போட்டு, அப்படியே பஸ் ஏறிவிட்டார்.

முவத்தருக்குப் பிரசவமாகிச் சில நாட்களே ஆகியிருந்தன. பிள்ளை பெற்றவளுக்கும் பிறந்ததற்கும் சில்லா என்று நாற்பது நாள் காப்பு. வெளிக்காற்றோடு வருகிற யாரும், அது சொந்த அப்பாவே ஆனாலும், சட்டென்று அறைக்குள் போய்விட முடியாது. சனோபர் சம்பந்தியைக் கூடத்தோடு நிறுத்தினாள். கமோல் கதவிடுக்கு வழியாகத் தொப்பியை நீட்டினார்.

"இந்தாம்மா, உன் பையனுக்கு ஒரு கூட்டாளி. ரெண்டும் ஒரே வசந்தத்துல வெளிச்சத்தப் பாத்ததுங்க. ஒழுங்கா வளத்தேன்னா அவன் பேரன் கல்யாணத்துல இது நடந்து வரும்."

விளையாட்டாகச் சொன்ன வார்த்தைதான். ஆனால் முதல் பிள்ளை பெற்ற பெண்ணிடம் விளையாட்டு வார்த்தை என்று ஒன்று கிடையாது. தொட்டிலில் பிள்ளை ஸியோத், தொப்பியில் ஆமை. இரண்டு உயிரையும் ஒரே முடிச்சில் போட்டுவிட்டுப் போய்விட்டார் அப்பா. கணவன் மிர்ஸோஹித் ரஷ்யாவில் கட்டட வேலையில் இருந்தான். மனதிலிருப்பதைக் கொட்டலாம் என்றால் போனில் கொட்டுகிற பேச்சாகவும் அது இல்லை.

சனோபர் பாலர் பள்ளியில் சமையல்காரி. சில்லா விஷயத்தில் அந்தக் கட்டடத்துக்கே அவள் வாக்குதான் சட்டம். தொப்பிக்குள் ஒரு தரம் எட்டிப் பார்த்தாள், உடனே தீர்ப்புச் சொன்னாள்.

"பச்சக் கொழந்த. இதுக்கும் சில்லா உண்டு."

"அத்தை, இது ஆமை. இதுக்கு மண்ணும் வெயிலும் வேணும்."

"பொறந்தத மண்ணுல போடுவாங்களாடி? நல்லா இருக்கு நியாயம்."

அவ்வளவுதான். சனோபர் ஒரு செருப்புப் பெட்டியில் பஞ்சைப் பரப்பி, அதன் மேல் பேரனுடைய பழைய துணியை விரித்தாள். கண் படாமலிருக்க அடியில் ஒரு கத்தி, ஒரு துண்டு ரொட்டி, நாலு மிளகாய். வீட்டுக்குச் சூடு தரும் வெந்நீர்க் குழாயை ஒட்டிப் பெட்டி வைக்கப்பட்டது. தொட்டிலை ஏழு துணியால் மூடுவது வழக்கம் என்பதால் பெட்டிக்கும் ஏழு துணி. ஸியோத்துக்குச் சாயங்காலம் மூலிகைப் புகை காட்டும்போது பெட்டியையும் மூன்று சுற்றுச் சுற்றிக் காட்டினாள். ரொட்டியைப் பாலில் ஊறவைத்து மூக்கருகே நீட்டினாள். ஆமை முகத்தைத் திருப்பிக்கொண்டது.

மாமனார் ஹிக்மத் காடைப் பிரியர். கண்ணாடி ஜன்னல் போட்ட வெளிப் பலகணியில் அவருடைய காடைக் கூண்டுகள் வரிசையாகத் தொங்கும். அவர் வாசலில் நின்று எல்லாவற்றையும் வேடிக்கை பார்த்தார்.

"தொட்டில் கட்டியாச்சு. சுன்னத்து எப்ப, சொல்லு. அண்டா வாடகைக்கு எடுக்கணும்."

"உங்க காடைக்குக் கூண்டுக்குக் கூண்டு சட்டை தெச்சுப் போட்டீங்களே, நான் வாயத் தொறந்தேனா?" என்றாள் சனோபர்.

ஹிக்மத் காடைகளிடமே போய்விட்டார். முவத்தர் அந்த வீட்டுக்கு மருமகளாக வந்து முழுதாக ஒரு வருஷம் ஆகவில்லை. மாமியார் தனக்குத் தலை வாரிவிடுகிறாள், வாய்க்குப் பிடித்ததைச் சமைத்துப் போடுகிறாள், ராத்திரி பிள்ளை அழுதால் தானே எழுந்து தூக்குகிறாள். அப்படிப்பட்டவளை எதிர்த்துப் பேச எந்த வாய் வரும்? பெட்டி சூட்டுக் குழாயருகிலேயே இருந்தது.

ஆமை நாளுக்கு நாள் வாடியது. முதலில் நடப்பதை நிறுத்தியது, பிறகு கண் திறப்பதை நிறுத்தியது. சனோபர் கடைக்குப் போன நேரத்தில் முவத்தர் ஏழு துணியையும் விலக்கிக் குஞ்சைக் கையிலெடுத்தாள். முதுகோட்டை விரலால் மெல்ல அழுத்தினாள். ஊறின காகித அட்டையைப் போல அது உள்ளே வளைந்தது. ஆமைகளோடு வளர்ந்தவள் அவள். ஓடு இளகினால் என்ன அர்த்தம் என்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. இது செத்துவிடும் என்று நினைத்தாள். நினைத்த மாத்திரத்தில் தொட்டில் பக்கம் பார்த்தாள். ஸியோத் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தான். அவன் மூக்கருகே விரலை வைத்து மூச்சு வருகிறதா என்று பார்த்தாள். தனக்குப் பைத்தியம்தான் பிடித்திருக்கிறது என்று தோன்றியது, ஆனாலும் விரலை எடுக்க மனம் வரவில்லை.

சாயங்காலம் சொல்லிப் பார்த்தாள்.

"அத்தை, இது சாப்புடவே இல்ல. ஓடு மெத்துனு ஆயிடுச்சு."

"யாரோ கண்ணு வெச்சிருக்காங்க," என்றாள் சனோபர். எட்டாவது துணி வந்தது. புகையும் கூடியது. பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்பதில் சனோபரை மிஞ்ச ஆள் கிடையாது.

மறுநாள் மத்தியானம் முவத்தர் பிள்ளையை அணைத்தபடி கண்ணை மூடிப் படுத்திருந்தாள், தூங்கவில்லை. சனோபர் பூனை போல உள்ளே வந்தாள். மருமகள் தூங்குகிறாள் என்று நிச்சயம் செய்துகொண்டு, பெட்டியருகே மண்டியிட்டு, துணிகளை ஒவ்வொன்றாக விலக்கினாள்.

"கண்ணத் தொற ராசா," என்றாள் ரகசியமாக. "ஒரு தரம் தொறந்து காட்டிடு. உனக்கு ஒண்ணு ஆச்சுன்னா என் பேரனுக்கு..." அதோடு நிறுத்தி, தன் வாயிலேயே ஒன்று போட்டுக்கொண்டாள். பிறகு தலைத்துணி நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து போனாள்.

முவத்தர் அசையாமல் படுத்திருந்தாள். இத்தனை நாளும் அத்தையைப் பிடிவாதக்காரி என்றே நினைத்திருந்தாள். இல்லை, அவள் பயந்தவள். தன்னைப் போலவே, தனக்கு ஒரு பிடி கூடுதலாகவே பயந்தவள். பிடிவாதக்காரியிடம் சண்டை போடலாம். பயந்தவளிடம் சண்டை போட்டு என்ன பயன், அவளுக்கு ஒரு வழிதான் காட்ட வேண்டும். அவளுடைய சில்லாவையும் மறுக்கக் கூடாது, ஆமையையும் வெயிலுக்குக் கொண்டுவர வேண்டும். யோசித்துக்கொண்டே படுத்திருந்தவளுக்கு, அப்பாவின் மண்வெட்டி எங்கே இறங்கியது என்பது ஞாபகம் வந்தது. எழுந்து உட்கார்ந்துவிட்டாள்.

சனோபர் தேநீர் கொண்டுவந்தாள்.

"அத்தை, சில்லாவ எந்த நாள்லேர்ந்து எண்றது?"

"பொறந்த நாள்லேர்ந்து. இதக்கூடவா உங்கம்மா சொல்லித் தரல?"

"அப்ப இந்த ஆமை எப்பப் பொறந்தது?"

"உங்கப்பா கொண்டாந்த அன்னிக்கு."

"அன்னிக்கு வெளியதான் வந்தது அத்தை. பொறந்தது போன கோடையில. முட்டைய ஒடச்சிக்கிட்டு வந்தாலும் குஞ்சு மேல வராது. குளிர்காலம் பூரா மண்ணுக்குள்ளயே கெடக்கும். எங்க முற்றத்துல நான் பாக்காததா?"

சனோபர் தேநீர்க் கிண்ணத்தைக் கீழே வைத்தாள்.

"மண்ணுக்குள்ளயா?"

"ஒரு முழம் ஆழத்துல. இருட்டுல. காத்து படாது, யாரு கண்ணும் படாது. பெத்த தாயே வந்து பாக்கறதில்ல."

"எவ்வளவு காலம்?"

"அரை வருஷத்துக்குக் கொறையாது."

சனோபரின் உதடுகள் கணக்குப் போட்டன. அவள் முகத்தில் என்னென்னவோ வந்து போயின. போனை எடுத்துப் பார்கெந்த்துக்கு அடித்தாள்.

"சம்பந்தி, ஒண்ணு கேக்கறேன், நெஜத்தச் சொல்லுங்க. அந்தக் குஞ்சுக்குப் பக்கத்துல முட்டை ஓடு இருந்துதா?"

"இருந்துதே. காஞ்சு பொடியாக் கெடந்தது. போன கோடை ஓடு, தொட்டதும் உதுந்துடுச்சு," என்றது கமோலின் குரல். "ஏன் கேக்கறீங்க, நல்லா இருக்கில்ல?"

"இருக்கும்," என்று சொல்லிச் சனோபர் போனை வைத்தாள். பிறகு மருமகள் பக்கம் திரும்பினாள். அவ்வளவு கோபத்தை முவத்தர் அதுவரை பார்த்ததில்லை.

"ஏண்டி, சில்லாவ நாலு தரம் முடிச்ச புள்ளய இப்படிப் பொட்டிக்குள்ள போட்டு அடைச்சு வெச்சிருக்கோமே, மொதல் நாளே சொல்றதுக்கு உனக்கு வாயில என்ன கொழுக்கட்டையா? பாவம், வெளிய வர வேண்டிய வயசு."

முவத்தருக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. தலையைக் குனிந்து, "தப்புதான் அத்தை," என்றாள்.

அதன் பிறகு சனோபரைப் பிடிக்க முடியவில்லை. அடைப்பதில் காட்டிய வேகத்தை இப்போது திறப்பதில் காட்டினாள். முவத்தர் படுக்கையிலிருந்தே படை நடத்தினாள். பெரிதாக, தாழ்வாக, மரத்தில் ஒரு பெட்டி வேண்டும் என்றாள். சனோபர் கண்ணாடி அலமாரியின் அகல இழுப்பறையை உருவி, கல்யாண மேஜைத்துணிகளைக் கட்டில்மேல் கொட்டிவிட்டு வந்தாள். ஹிக்மத் வாய்க்கால் கரைக்குப் போய் மணலும் மண்ணும் அள்ளி வந்தார். கல் இருக்கக் கூடாது என்று முவத்தர் சொன்னதும், சனோபர் மாவுச் சல்லடையை எடுத்து அந்த மண்ணைச் சலித்தாள். அந்தச் சல்லடைக்கு அப்படி ஒரு காலம் வரும் என்று யாரும் கண்டதில்லை. குஞ்சு தோண்டிப் புதைந்துகொள்கிற ஆழத்துக்கு மண்ணை நிரப்பினார்கள்.

"ஒரு பக்கம் சூடு, ஒரு பக்கம் குளுமை, ரெண்டும் வேணும். அதுக்கு எது வேணுமோ அதுவே நடந்து போய்க்கும்," என்றாள் முவத்தர். சூட்டுப் பக்கம் ஒரு தட்டைக் கல் வைத்தார்கள். குளுமைப் பக்கம் விளிம்பு உடைந்த தேநீர்க் கிண்ணத்தைக் கவிழ்த்து, அது ஒளிந்துகொள்ள வளை செய்தார்கள். ஊறுகாய்ப் பாட்டில் மூடியில் தண்ணீர் வைத்தார்கள். ஹிக்மத் பறவைச் சந்தையிலிருந்து, வெயிலைப் போலவே எலும்புக்கு உரம் தருகிற விளக்கு ஒன்று வாங்கி வந்து, காடைக் கூண்டு மாட்டும் கொக்கியில் மாட்டினார்.

"வெளக்கு மட்டும் பத்தாது, நெஜ வெயிலும் வேணும்," என்றாள் முவத்தர். "கண்ணாடி வழியா வர்ற வெயில் வெறும் வெளிச்சம்தான். ஜன்னலத் தொறந்து வெக்கணும்."

அறையில் ஜன்னலைத் திறக்க முடியாது, ஸியோத்தின் சில்லா இன்னும் முடியவில்லை. ஆகவே இழுப்பறை பலகணிக்குப் போயிற்று. சனோபர் குஞ்சைக் கையிலெடுத்து, முதன்முதல் வெளியே வரும் பிள்ளையின் நெற்றியில் வைப்பது போல, அதன் ஓட்டில் ஒரு சிட்டிகை மாவைத் தொட்டு வைத்தாள். வயசு நீளட்டும் என்று முணுமுணுத்துக்கொண்டு மண்ணில் விட்டாள்.

முவத்தர் பலகணிக்கு வரக் கூடாது. அது வெளி. அவளுக்கு இனிமேல் மாமியாரின் வாய்ச்செய்திதான்.

"வெதுவெதுப்பான தண்ணில உக்கார வெச்சேன். கழுத்த நீட்டுச்சு," என்று பலகணியிலிருந்து குரல் வரும். இன்னொரு நாள், "ஒரு கண்ணு தொறந்திருக்கு. இன்னொண்ணு யோசிக்குது." அடுத்து, "கல்லு மேல ஏறிடுச்சு."

"சாப்புட்டுதா?" என்று உள்ளிருந்து முவத்தர் கேட்பாள்.

"இல்ல."

அந்த ஒரு சொல்லில் மற்றதெல்லாம் அடிபட்டுப் போகும். கீழே வாய்க்கால் ஓரத்தில் மஞ்சள் பூக் கீரை மண்டிக் கிடந்தது, ஆமைகளுக்கு உயிர். ஹிக்மத் தினமும் பறித்து வந்தார், அது தினமும் வாடியது, கடைசியில் காடைகள்தான் தின்றன. சாப்பிட்டால் பிழைக்கும், சாப்பிடாவிட்டால் இல்லை. முவத்தர் பிள்ளைக்குப் பால் கொடுக்கும்போதெல்லாம், இவன் குடிக்கிறானே, இவன் குடிக்கிறானே என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள்.

ஒரு முற்பகல் பலகணியிலிருந்து எந்தக் குரலும் வரவில்லை. முவத்தர் காத்துப் பார்த்தாள். கூப்பிட்டாள். பதில் இல்லை. அப்போது சனோபர் வாசலில் வந்து நின்றாள். கண்ணெல்லாம் சிவந்து, உதடு துடித்தது. முவத்தர் கெட்ட செய்தியைக் கேட்கத் தயாராகப் பிள்ளையை இறுக்கிக்கொண்டாள்.

"வா," என்றாள் சனோபர்.

"எங்க அத்தை?"

"பலகணிக்கு. பையன அவருகிட்ட குடு." ஹிக்மத்தைக் கூப்பிட்டுப் பிள்ளையைக் கைமாற்றினாள். "எந்திரி சொல்றேன்."

"சில்லா அத்தை, இன்னும்..."

"நான் சொல்றேன்ல."

சனோபர் தன் கனத்த சால்வையை மருமகள் தோளில் போர்த்தி, கையைப் பிடித்து அழைத்துப் போனாள். இத்தனை நாள் கழித்து வெயில் முவத்தரின் முகத்தில் விழுந்தது. கண் கூசியது. சுருக்கிக்கொண்டு பார்த்தாள். இழுப்பறையில், கல்லின் பக்கத்தில், ஆமைக்குஞ்சு ஒரு மஞ்சள் பூவை முன்னங்காலால் மிதித்துப் பிடித்துக்கொண்டு இழுத்தது. பூ வரவில்லை. மறுபடி கவ்வி, தலையைப் பின்னுக்கு வெட்டி, ஒரு துணுக்கைப் பிய்த்தது. தின்றது. அடுத்த வாய்க்குக் கழுத்தை நீட்டியது.

முவத்தர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். கண்ணீர் தாரை தாரையாக வந்தது. நெஞ்சிலிருந்த பாரம் இறங்கிய இடம் காலியாக, லேசாக இருந்தது. பிழைத்துவிட்டது. எல்லோரும் பிழைத்துவிட்டார்கள்.

"அழாதடி, பால் கெட்டுடும்," என்று சொல்லிக்கொண்டே சனோபரும் பக்கத்தில் உட்கார்ந்து அழுதாள். "நான் செத்தே போயிட்டேன் தெரியுமா. உங்கப்பா ரெண்டையும் ஒண்ணாச் சேத்துச் சொல்லிட்டுப் போனாரே, அன்னிலேர்ந்து எனக்குத் தூக்கம் இல்ல."

"எனக்கும் இல்ல அத்தை."

"எங்கிட்டச் சொல்றதுக்கு என்ன?"

"நீங்க சொன்னீங்களா?"

சனோபர் மூக்கை உறிஞ்சினாள். பிறகு இரண்டு பேருக்கும் ஒன்றாகச் சிரிப்பு வந்தது. ஆமை இரண்டாவது பூவை எடுத்துக்கொண்டிருந்தது.

அழுகையா சிரிப்பா என்று புரியாமல் ஹிக்மத், ஸியோத்தைத் தோளில் சாய்த்தபடி, பலகணிக்கே வந்துவிட்டார். திறந்த ஜன்னல், வெயில், காற்று, தலையில் குல்லாய்கூட இல்லாத பிள்ளை. மருமகளின் சிரிப்பு நின்றது. ஹிக்மத்தும் தான் செய்ததை உணர்ந்து, வாங்கப் போகும் திட்டுக்காகக் கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டார்.

சனோபர் வாயைத் திறந்தாள். வெயிலில் கண்ணைச் சுருக்கி, கொட்டாவி விட்ட பேரனைப் பார்த்தாள். வாயை மூடிக்கொண்டு, அவர்களும் உட்காரக் கொஞ்சம் நகர்ந்து இடம் கொடுத்தாள்.