அடுப்பைப் பார்க்கப் போனவர்

வீசிய வேகத்தில் ரெக்கார்டு நோட்டு சுவரில் மோதி, தங்கையின் காலடியில் விரிந்து விழுந்தது.

"என்னடி எழுதி வச்சிருக்க? கிளாஸ்ல எல்லாருக்கும் 9.8. எனக்கு மட்டும் 9.64. சார் அத்தனை பேர் முன்னாடியும் என் மானத்தை வாங்கிட்டாரு!"

வீசியவன் அண்ணன். இரட்டைப் பிள்ளைகளில் பத்து நிமிஷம் முந்திப் பிறந்த தகுதியில் அண்ணன். பத்தாம் வகுப்பு அறிவியலில் அவன் அறுபத்திரண்டு, அவள் தொண்ணூற்றேழு. அதனால் அவனை சயின்ஸ் குரூப்பிலும் அவளை காமர்ஸிலும் சேர்த்தார்கள். 'அதனால்' என்று நான் தெரிந்துதான் எழுதுகிறேன். பள்ளியின் புது ஆய்வகம் திறந்துவிட்டால் சயின்ஸ்காரர்களுக்கு பிராக்டிகல் முடிய மாலை ஆறாகும். பெண் பிள்ளை ஆறு மணிக்கு மேல் தெருவில் நடந்து வந்தால் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள். அந்த நாலு பேர் யார் என்று அந்த வீட்டில் யாருக்கும் தெரியாது.

படமும் அட்டவணையுமாக அண்ணனின் ரெக்கார்டு நோட்டை எழுதுவது மட்டும் தங்கையின் வேலை. அவள் கையெழுத்து முத்து முத்தாக இருக்குமாம். அந்தத் தெருவில் பல வீடுகளில் அப்படித்தான். அக்காவோ தங்கையோ இல்லாத பையன்கள்தான் பாவம், தாங்களே எழுதினார்கள்.

அப்பா செருப்பைக் கழற்றிக்கொண்டே உள்ளே வந்தார். எடை மேடையில் வேலை. லாரிக்காரன் எந்தச் சீட்டை நீட்டினாலும், "சீட்டு என்ன சொல்லுதுங்கிறது எனக்கெதுக்கு? மேடை காட்டுறதுதான் எடை" என்று ஒற்றைக்காலில் நிற்பவர்.

"புக்குல இருக்கிறதை எழுதித் தொலைக்கிறதுக்கு என்ன கேடு உனக்கு?" என்றார் மகளிடம்.

"நான் அளந்தேன்ப்பா. அளந்ததுல அவ்வளவுதான் வந்துச்சு."

"நீ காமர்ஸ். உனக்கென்ன தெரியும்?"

நடந்தது இதுதான். காப்பியடிக்கச் சொல்லி அண்ணன் போன வருஷத்து நோட்டு ஒன்றைக் கொண்டுவந்து போட்டிருந்தான். அதிலும் 9.8. பள்ளியில் அதுவரை ஆய்வகமே கிடையாது, புதிதாகக் கட்டியதும் திறப்பு விழாவுக்காகப் பூட்டியே கிடந்தது. அப்படியானால் இந்தச் சோதனையை யார்தான் செய்தார்கள்? அவளுக்கு அந்தச் சந்தேகம் வந்ததுதான் வினை. கதவு நிலைக் கொக்கியில் நூலைக் கட்டி, தையல் டேப்பால் ஒரு மீட்டர் அளந்து, நுனியில் பழைய பூட்டைத் தொங்கவிட்டாள். அம்மாவின் ஃபோனில் நேரம் பார்த்தாள். பூட்டு ஆடுவதை எண்ணியது அம்மா. இருபது ஆட்டம், நாற்பதரை வினாடி. அதிலிருந்து புவியீர்ப்பு முடுக்கத்தைக் கணக்குப் போட்டபோது 9.64 வந்தது. ஏன் குறைந்தது என்று யோசித்து அடியில் ஒரு வரியும் எழுதினாள்: 'எண்ணியவர் நடுவில் அடுப்பைப் பார்க்கப் போனார். ஆகவே நேரத்தில் அரை வினாடி பிழை இருக்கலாம்.'

அண்ணன் அந்த வரியைப் படிக்கவே இல்லை. சாரும் படிக்கவில்லை. சிவப்பு மையால் எண்ணைச் சுழித்ததோடு சரி.

திங்கட்கிழமை, ஆய்வகத்துக்குப் பணம் கொடுத்த அறக்கட்டளையிலிருந்து ஒரு அம்மையார் வந்து எல்லா நோட்டுகளையும் புரட்டினார். ஒரு நோட்டில் மட்டும் நின்றார். சாயங்காலம் ஹெட்மாஸ்டரே அப்பாவுக்கு ஃபோன் செய்தார். வெள்ளிக்கிழமை திறப்பு விழா. இந்தப் பள்ளியின் இளம் விஞ்ஞானி உங்கள் பையன்தான், மேடையில் அந்தச் சோதனையைச் செய்து காட்ட வேண்டும்.

அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. அண்ணன் தங்கையைப் பார்த்தான்.

"அவனுக்குச் சொல்லிக் குடும்மா" என்றார் அப்பா. அவர் அவளை 'அம்மா' போட்டுக் கூப்பிட்டு வெகு நாளாகியிருந்தது.

அவள் காமர்ஸிலிருந்து சயின்ஸுக்குக் குரூப் மாற்றும் விண்ணப்பத்தை எடுத்து வந்து அவர் முன் வைத்தாள். மூன்று வாரமாகக் கையெழுத்துக்குக் காத்திருந்த காகிதம்.

"வியாழக்கிழமைதான் கடைசிப்பா."

"விழா முடியட்டும், போடுறேன். ஒரு நாள்ல என்ன குடியா முழுகிடப் போகுது? ஹெட்மாஸ்டர்கிட்ட நானே பேசிக்கிறேன்."

அவள் நம்பினாள். நூல் கட்டுவதிலிருந்து கணக்குப் போடுவதுவரை மூன்று சாயங்காலம் அண்ணனுக்குக் கற்றுக்கொடுத்தாள். வியாழக்கிழமை வந்தது, போனது.

விழாவில் அவளுக்கும் ஒரு வேலை இருந்தது. ரிப்பன் வெட்டும் கத்தரிக்கோலைத் தட்டில் வைத்து ஏந்தி நிற்பது. அடக்கமான பிள்ளைகளாகப் பார்த்து டீச்சர் பொறுக்கியிருந்தாள். அம்மையார் அவள் தட்டிலிருந்து கத்தரிக்கோலை எடுத்தார், வெட்டினார், கன்னத்தைத் தட்டிவிட்டு மேடையேறினார். அங்கே அண்ணனின் நோட்டைத் தூக்கிக் காட்டி அந்த வரியை வாசித்தார்.

"எண்ணியவர் நடுவில் அடுப்பைப் பார்க்கப் போனார்!"

அரங்கம் சிரித்தது. கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த அம்மா மட்டும் சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

"சிரிக்காதீங்க. தன் தப்பைத் தானே எழுதி வைக்கிறான் பாருங்க, இதுதான் விஞ்ஞானம்" என்றார் அம்மையார். அப்புறம் பெண் பிள்ளைகள் விஞ்ஞானத்துக்கு வர வேண்டும் என்று கால் மணி நேரம் உருக்கமாகப் பேசினார். அடுப்பைப் பார்க்கப் போனது யார் என்று அவருக்கும் கேட்கத் தோன்றவில்லை. தட்டு ஏந்திய பெண்ணுக்குக் கை கடுத்தது.

அண்ணன் நன்றாகவே செய்தான். கேடயம் வாங்கினான்.

வீட்டுக்கு வந்ததும் அவள் மறுபடி காகிதத்தை நீட்டினாள். அப்பா மறுக்கவே இல்லை. எடைச் சீட்டில் போடும் அதே பெரிய கையெழுத்தைப் போட்டார்.

"இந்தா. ஆனா நேத்தோட முடிஞ்சிடுச்சாம். மேலிடத்துக்குப் பட்டியல் போயிடுச்சுன்னு கிளார்க் சொல்லிட்டான். அதனால என்ன, காமர்ஸ் நல்ல படிப்புதான். நாலு மணிக்கெல்லாம் வீடு வந்து சேர்ந்துடலாம்."

அவள் அழவில்லை. காகிதத்தை நான்காக மடித்துப் பைக்குள் வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை அண்ணன் அடுத்த சோதனைக்கான நோட்டைக் கொண்டுவந்து அவள் மடியில் போட்டான். இளம் விஞ்ஞானியாயிற்றே, இனி எல்லாச் சோதனையும் அசலாக இருக்க வேண்டுமாம். திங்கட்கிழமை அம்மையார் பார்க்க வருகிறாராம்.

அவள் நோட்டை மூடி அவன் கையிலேயே கொடுத்தாள்.

"நான் காமர்ஸ். எனக்கென்ன தெரியும்?"

"அப்பா! பாருங்கப்பா இவளை!"

அப்பா கத்தினார். திமிர் என்றார், படிப்பையே நிறுத்திவிடுவேன் என்றார். அவள் தன் கணக்குப் பதிவியல் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை. அவருக்கு ஆத்திரம் தாங்கவில்லை. சமையலறைப் பக்கம் திரும்பினார்.

"இவ்வளவு நேரம் கத்துறேன், உன் காதுல விழலையா? வந்து உன் பொண்ணுகிட்ட சொல்லு!"

அம்மா வாசற்படிவரை வந்தாள். கையைத் துடைத்துக்கொண்டாள். மகளைப் பார்த்தாள், பிறகு அவரைப் பார்த்தாள்.

"என்ன சத்தம்? நான் அடுப்பைப் பார்க்கப் போயிருந்தேன்" என்றாள்.