வீரமங்கையர் ஃப்ளெக்ஸ்

1

இந்தக் கதையை நானாக எழுதவில்லை. ஃபேஸ்புக்கில் தெருவிளக்கு, தண்ணீர் லாரி என்று புலம்பிக்கொண்டிருந்த என்னை சண்முகப்ரியா என்ற பெண் போனில் பிடித்தார். உலகம் முழுக்கச் சாதாரண ஆட்களிடம் சிறுகச் சிறுகச் சேர்த்து, பெண்கள் உரிமைக்காக உழைக்கும் குழுக்களுக்குக் கொடுக்கிற ஒரு நிதியத்தில் வேலை செய்கிறார். அவர்களின் ஆண்டு மலருக்கு ஒரு வெற்றிக் கதை வேண்டுமாம்.

"முதல்ல கண்ணீர், கடைசில சிரிப்பு. அவ்ளோதான் சார்" என்றார்.

ரசம் வைக்கக்கூட இதைவிட நீளமாகச் சொல்வார்கள்.

2

'விடியலின் கதிர்கள் ஒரகடத்தைத் தழுவியபோது, அம்சவல்லி புதிய...'

(வேண்டாம். நைட் ஷிப்ட் முடிந்து அவள் அப்போதுதான் படுத்திருப்பாள்.)

'ஒடுக்கப்பட்ட பெண்ணினத்தின் மெல்லிய குரலாக...'

(மெல்லிய குரலா? கம்பெனி பஸ்ஸின் கடைசி சீட்டிலிருந்து அவள் திட்டினால், டிரைவர் திரும்பிப் பார்க்காமலே மன்னிப்புக் கேட்பார்.)

சரி, நேராகவே சொல்லிவிடுகிறேன். அம்சவல்லி ஒரகடத்துக்காரி. ஒரு கார் உதிரிபாகக் கம்பெனியில் அசெம்ப்ளி லைனில் நிற்பவள். கூட நிற்கும் பெண்களோடு ஒரு குழு வைத்திருக்கிறாள். நிதியம் கொடுத்த பணத்தில் பென்னலூரில் ஒரு ரூம் வாடகைக்கு எடுத்தார்கள். கம்பெனிகள் மகளிர் தினத்துக்கு ரோஜாப்பூ கொடுக்கும். ரோஜாப்பூவுக்குள் ஆள் தங்க முடியாது.

தங்க வேண்டிய ஆள் கங்கா. சங்கரன்கோவில் பக்கத்துப் பெண். சூப்பர்வைசர் கைவைத்தான் என்று புகார் கொடுத்தாள். உடனே, கம்பெனிக்கு ஆள் அனுப்பும் காண்டிராக்டர் அவளை வேலையிலிருந்து நிறுத்தினார். வேலை போனால் ஹாஸ்டல் கட்டிலும் போகும். ஊருக்குப் போய்விட்டால் கம்பெனியின் புகார்க் கமிட்டி விசாரணைக்கு வரமாட்டாள். வராவிட்டால் புகாரை மூடிவிடலாம். அதனால் விசாரணை முடியும்வரை காண்டிராக்டர் ஆட்கள் கண்ணில் படாமல் அவள் இங்கேயே இருந்தாக வேண்டும்.

(உலகப் பெண்ணுரிமை என்று ஆரம்பித்துவிட்டு, ஒரு பெண் பாய் விரிக்கும் இடத்தில் வந்து நிற்கிறாயே என்று கேட்கலாம். அங்கேதான் நிற்கிறது. நான் என்ன செய்ய?)

3

நிதியத்துக்காரர்கள் நல்லவர்கள். ஒன்றே ஒன்று கேட்டார்கள்: ரூமில் தங்கள் சின்னம் தெரிய வேண்டும். கதவில் ஒரு காகிதம் ஒட்டினால் போதும் என்று நினைத்திருப்பார்கள், பாவம். எங்கள் பக்கம் காதுகுத்துக்கே ரோட்டை மறைத்து ஃப்ளெக்ஸ் வைப்போம். ஃப்ளெக்ஸ் இல்லையென்றால் அந்தக் காது இன்னும் குத்தப்படவில்லை என்று அர்த்தம்.

அம்சவல்லி ஃப்ளெக்ஸ் கடைக்குச் சின்னத்தை அனுப்பினாள். கூடவே குழுவாக எடுத்த போட்டோவையும் அனுப்பினாள். கடைக்காரர் தொழில் சுத்தமானவர். முகங்களைத் தனித்தனியாக வெட்டி, பின்னால் ஒரு நீர்வீழ்ச்சியை ஓடவிட்டு, 'உரிமை மீட்ட வீரமங்கையர்' என்று போட்டு, நடுவில் பெரிதாகக் கங்காவை வைத்தார். அவள் முகம்தான் தெளிவாக விழுந்திருந்ததாம்.

வாசலில் கட்டிய மறுநாள், காண்டிராக்டரின் ஆள் யாரிடமும் வழி கேட்காமல் வந்து நின்றான். கங்காவிடம் ஒன்றும் பேசவில்லை. வீட்டுக்காரர் கோதண்டராமனிடம் மட்டும் பேசிவிட்டுப் போனான்.

"வூட்டுக்குக் கெட்ட பேரு வரும்மா. காலி பண்ணிடுங்க" என்றார் கோதண்டராமன்.

"இன்னா நைனா கெட்ட பேரு? ஃப்ளெக்ஸ்ல உன் படம் இல்லன்னு காண்டா?" என்றாள் அம்சவல்லி.

அவர் சிரிக்கவில்லை. கங்கா பையை எடுத்துவிட்டாள்.

"நான் ஊருக்கே போயிருதேன்க்கா. என்னால உங்களுக்கு எதுக்கு வம்பு?"

"போயேன். அவனுங்களே ஏசி பஸ்ல டிக்கெட் போட்டு, தண்ணி பாட்டிலும் வாங்கித் தருவானுங்க."

கங்கா சிரித்தாள், பிறகு அழுதாள் என்று அம்சவல்லி என்னிடம் சொன்னாள். வரிசை மாறிவிட்டது. மலருக்கு ஆகாது.

4

முடிவுகள்:

அ) மலருக்கு: நீதி வென்றது. கங்கா சூரியனைப் பார்த்துச் சிரிக்கிறாள். (விசாரணையே இன்னும் நடக்கவில்லை.)

ஆ) ஃபேஸ்புக்குக்கு: கங்கா பஸ் ஏறுகிறாள். மழை. எல்லோரும் அழுதுகொண்டே லைக் போடுகிறார்கள்.

இ) நடந்தது: அன்று சாயங்காலமே கங்காவை ஷேர் ஆட்டோவில் ஏற்றி வேறோர் இடத்துக்கு மாற்றினார்கள். அங்கே கூரையில் பாதி ஓடு இல்லை, ஒழுகுகிறது. ஃப்ளெக்ஸை முகங்கள் உள்ளே பார்க்கும்படி கூரைமேல் விரித்துக் கட்டினார்கள். படுத்தால் கங்காவுக்கு நீர்வீழ்ச்சிக்கு முன்னால் தன் முகமே தெரிகிறதாம். தூக்கம் வருவதில்லையாம்.

இதை எழுதி முடித்துவிட்டேன் என்று அம்சவல்லிக்குப் போன் செய்தேன். ஊர்ப் பேர் போட்டிருக்கிறாயா என்று கேட்டாள். எல்லாம் விவரமாகப் போட்டிருக்கிறேன் என்றேன், பெருமையாக.

"அப்ப நீயும் ஃப்ளெக்ஸ்தான் கட்டிகினு கீறியாண்ணா?"

5

பென்னலூர் என்று எழுதினேன் அல்லவா, அது பென்னலூர் இல்லை. சங்கரன்கோவிலும் இல்லை. கங்கா என்ற பேரும் நான் வைத்ததுதான். ஆட்டோ எந்தப் பக்கம் திரும்பியது என்று எனக்குத் தெரியும். உங்களுக்குச் சொல்வதாக இல்லை.

சண்முகப்ரியாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"சின்னம் வேணாம் சார். புது ரூம் வாடகைக்கு நான் கேட்டு வாங்கறேன்" என்றார். பிறகு பழக்க தோஷத்தில், "கடைசிக்கு ஒரு படம் மட்டும்?" என்றார்.

அம்சவல்லி ஒன்று அனுப்பினாள். கூரைமேல் ஃப்ளெக்ஸின் முதுகு. வெறும் வெள்ளை.

முடிவு வேண்டுமென்றால் அதன்மேல் நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். ஊர்ப் பேர் மட்டும் போட்டுவிடாதீர்கள்.